வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு: ஆற்றோடு இறங்கும் வழி

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் வட்டக்கானலில், டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் நின்று பேசுகிறேன். பனி இன்னும் விலகவில்லை, அதனால் எனக்குப் பின்னால் உங்களுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. வரும் வழியில் அருவியாக விழுந்ததே பாம்பாறு, அது இறங்கும் திசையில்தான் நாமும் இறங்கப் போகிறோம். நடுவில் வெள்ளகெவி என்ற ஊர், முடிவில் கும்பக்கரை. இங்கே நாம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். கீழே பெரியகுளம் 300 மீட்டருக்கும் குறைவு. இத்தனை உயரத்தையும் கால்களால் இறங்கித் தீர்க்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு செய்தி. இது காட்டுப் பாதை, நினைத்தவுடன் யாரும் நுழைந்துவிட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, கடுமையாக இருக்கத்தான் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்துவிட்டது. வட்டக்கானல் – வெள்ளகெவி பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. வழிகாட்டியோடுதான் போக முடியும், கோடையில் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். வெள்ளகெவிக்குக் கீழே கும்பக்கரை வரை இறங்க விரும்பினால், அதற்குத் தனியாக வனத்துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்கு வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, நடப்போம்.

டால்பின் நோஸ் வந்துவிட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் பாறை நுனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உண்மையான பாதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கேமராவைத் தரையை நோக்கித் திருப்புகிறேன், பாருங்கள். கல் பதித்தது போல இருக்கிறது, ஆனால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இல்லை. நடுவில் இருக்கும் கற்கள் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் குதிரைகள் கால் வைத்துத் தேய்ந்த இடம் அது. அந்தக் குழியில் நீங்கள் கால் வைக்காதீர்கள். பனி ஈரத்தில் கண்ணாடியாக வழுக்கும். ஓரத்துச் சொரசொரப்பான கல்லில், பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்குங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும் என்று மலைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

கொஞ்சம் பொறுங்கள், கீழேயிருந்து மணிச்சத்தம் கேட்கிறது. குதிரைகள் வருகின்றன.

பார்த்தீர்களா? முதல் குதிரையின் இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை, அதற்கு மேல் ஒரு வாழைத்தார். குதிரைக்குப் பின்னால் வருகிற அண்ணன் வாயாலேயே ஒரு சத்தம் கொடுக்கிறார், அது எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்து ஏறுகிறது. இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால், மூட்டை இடித்தாலே போதும், நீங்கள் பெரியகுளத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். குதிரையைத் தொடவும் வேண்டாம், அதன் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டவும் வேண்டாம். அது வேலையில் இருக்கிறது.

காப்பி, மிளகு, மலைவாழை, வெண்ணெய்ப்பழம் என்று வெள்ளகெவியில் விளைவதெல்லாம் இப்படித்தான் மேலே வருகிறது. அரிசி, பருப்பு, சிமெண்ட் மூட்டை எல்லாம் இப்படித்தான் கீழே போகிறது. ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது.

இந்த ஊரின் வரலாறு கொடைக்கானலைவிடப் பழையது. 1821ல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி இந்த மலையை அளக்க வந்தபோது, வெள்ளகெவியிலிருந்துதான் மேலே ஏறினார். அப்போது மேலே ஏரி கிடையாது, பங்களா கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டியது 1845ல், ஏரி உருவானது 1863ல். மோட்டார் போகும் மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வந்தது. அதுவரை மதுரை வெயிலுக்குப் பயந்து மலைக்கு வந்த வெள்ளைக்காரர்களை, பெரியகுளம் பக்கத்துச் சரிவுகளில் இருந்த ஒற்றையடிப் பாதைகள் வழியே டோலியில் உட்காரவைத்து, நம் ஆட்கள்தான் தோளில் சுமந்து ஏற்றினார்கள்.

இதோ ஊர் எல்லை. செருப்பை, ஷூவை எல்லாம் இங்கேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளகெவியில் யாரும் காலணி அணிவதில்லை, ஊர் முழுவதும் கோயிலைச் சேர்ந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தையிலிருந்து தாத்தா வரை எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். "சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா" என்று கேட்டு நிற்காதீர்கள். கல் சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு வாசலில் மிளகு காய்கிறது பாருங்கள். பச்சையாக இருப்பது நேற்றுப் பறித்ததாம், கறுத்துச் சுருங்கியிருப்பது எடுத்து வைக்கத் தயாராகிவிட்டதாம். திண்ணையில் இருக்கும் பாட்டி சொன்னார். அவரைப் படம் எடுக்கவில்லை, அவருக்கு விருப்பமில்லை.

இப்போது நான் சொல்லப் போவது சில மலையேற்ற நண்பர்களுக்குப் பிடிக்காது. இந்த ஊருக்குச் சாலை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். சாலை வந்தால் பாதையின் அழகு போய்விடும் என்று நம்மில் சிலர் வருத்தப்படுகிறார்கள். பிரசவ வலி வந்த பெண்ணை, பாம்பு கடித்த பிள்ளையை, இன்றைக்கும் இங்கே டோலி கட்டித்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு வெள்ளைக்காரன் குளிர்காற்று வாங்க டோலியில் வந்தான், இன்றைக்கு இந்த மக்கள் உயிர் பிழைக்க டோலியில் போகிறார்கள். நான் விடுமுறையில் நடந்து மகிழ வேண்டும் என்பதற்காக ஒரு ஊர் ஆஸ்பத்திரி இல்லாமல் தவிக்க முடியாது. காட்டுக்குச் சேதம் குறைவாக எப்படிப் போடலாம் என்பதை வல்லுநர்கள் பேசட்டும். சாலை வரட்டும். நமக்கு நடக்க மலையில் வேறு பாதை இருக்கும்.

ஊரைத் தாண்டி இறங்க இறங்கக் காடே மாறுகிறது. மேலே சோலையில் பாசி படிந்த குட்டை மரங்கள், கருமந்தியின் குரல். இங்கே காற்று சூடாகிவிட்டது, புல் காய்ந்திருக்கிறது, ஸ்வெட்டர் எப்போதோ பைக்குள் போய்விட்டது. மலை அணில் ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருக்கிறது. கீழ்ச்சரிவில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், காரணம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கும்பக்கரை! பாம்பாறு மறுபடி நம்மோடு சேர்ந்துவிட்டது. பாறையைக் குடைந்து குடைந்து தண்ணீர் உண்டாக்கிய கசங்கள், அதாவது ஆழமான நீர்க்குழிகள் இவை. மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும், நம்பி இறங்காதீர்கள். இந்த மலைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மேலே கொடைக்கானலில் பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால் அதற்குக் காரணம் இதுதான், கேட்டில் நின்று அவர்களோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். இந்தத் தண்ணீர் பெரியகுளத்து மாந்தோப்புகளின் பக்கமாகப் போய், கடைசியில் வைகையோடு சேர்கிறது. மலையின் வடக்குச் சரிவில் விழுகிற மழை இதற்கு நேர் எதிராக, சண்முகாநதி, குதிரையாறு என்று இறங்கி அமராவதிக்குப் போய்விடும்.

சைக்கிளில் இந்தப் பாதையில் இறங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எதிரே மூட்டையோடு குதிரை வந்தால் ஒதுங்க இடமில்லை, ஊர்க்காரர்களின் ஒரே வழியை நாம் மறிக்கக் கூடாது. சைக்கிள் ஓட்ட ஆசை என்றால் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், அந்த ஊர் மலைப்பூண்டு, மன்னவனூர்ப் புல்வெளியில் மேயும் செம்மறிகள் என்று வழியெல்லாம் நின்று நின்று போகலாம். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரிசைகட்டும். பிரேக் கட்டையை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், பகலிலேயே பனி இறங்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்ததற்கெல்லாம் கொடைக்கானலில் தடை. எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும்.