லென்ஸைச் சுற்றி நாலு எண்

நேயர்களுக்கு வணக்கம். சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கேமரா பேச்சும் தொடங்கிவிடும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற அண்ணனிடம் 'சின்னதா ஒரு கேமரா பார்த்து வாங்கிட்டு வாங்க' என்று சொல்லிவிடுவோம். இல்லையென்றால் புனலூரிலோ மதுரையிலோ கடை ஏறுவோம். எங்கே கேட்டாலும் முதலில் காதில் விழுவது '20 மெகாபிக்சல்', அதாவது படத்தில் இரண்டு கோடிப் புள்ளி, என்பதுதான்.

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆல்பத்தில் வைக்கிற 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேலே போதும். சுவரில் மாட்டும் 12-க்கு 18 படத்துக்கு 9 இருந்தாலே பார்க்க நன்றாக இருக்கும். இன்று கடையில் இருக்கிற பெரும்பாலான கேமராக்களில் அதைவிட அதிகம் உண்டு.

பெட்டியை விட்டுவிட்டு லென்ஸைப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் லென்ஸின் முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் நாலு எண். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது.

உதாரணத்துக்கு, கேனன் 2014-ல் கொண்டுவந்த ஜி7 எக்ஸ். அதன் வளையத்தில் 8.8-36.8 மி.மீ., பக்கத்தில் 1:1.8-2.8 என்று இருக்கும். முதல் இரண்டு எண்ணை எடுங்கள். பெரியதைச் சின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 4.2. அதுதான் உண்மையான ஜூம், லென்ஸே நகர்ந்து தருகிற ஆப்டிகல் ஜூம். பெட்டியில் '16 மடங்கு', '40 மடங்கு' என்று போட்டிருந்தால் வளையத்தை வகுத்துச் சரிபாருங்கள். வகுத்து வராத மிச்சமெல்லாம் டிஜிட்டல் ஜூம். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலைதான் அது. அதை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம், காசு தர வேண்டாம்.

அந்த முதல் எண் இருக்கிறதே, 8.8, அது இன்னொன்றும் சொல்கிறது. லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லுதான் சென்சார். ஒரே அளவு அகலமான காட்சியைப் பிடிக்க, சென்சார் பெரிதாக ஆக இந்த எண்ணும் பெரிதாக வேண்டும். 4, 5 என்று தொடங்கினால் உள்ளே இருப்பது உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய சென்சார், 6 மி.மீ.-க்கு நாலரை. 8.8, 9, 10 என்று தொடங்கினால் மொச்சைக்கொட்டை அளவு, 13-க்கு 9 மி.மீ. பரப்பில் நாலு மடங்கு. 18 என்றிருந்தால், ரிகோ ஜிஆர் மூன்று என்கிற கேமரா மாதிரி, அதைவிடவும் பெரியது, ஆனால் அதில் ஜூம் கிடையாது. இந்த மொச்சைக்கொட்டையைத்தான் கடையில் 'ஒரு இஞ்ச் சென்சார்' என்பார்கள். அளவுகோல் வைத்தால் மூலைக்கு மூலை 16 மி.மீ.தான் வரும். பழைய வீடியோ கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, பின்னாலிருக்கிற இரண்டு எண். 1.8-2.8. இது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்கிற கணக்கு. எண் சின்னதானால் வாய் பெரிது. முதலாவது ஜூம் இல்லாதபோது, இரண்டாவது ஜூமைக் கடைசிவரை இழுத்தபோது. விலை குறைந்த கேமராவில் 3.2-6.9 என்றிருக்கும். 2.8-க்கும் 6.9-க்கும் வித்தியாசம் கொஞ்சம் போலத் தெரியும். உள்ளே வரும் வெளிச்சத்தில் அது 6 மடங்கு.

6 மடங்கு என்றால் என்ன? கோயில் கொடை, ராத்திரி, டியூப் லைட் வெளிச்சத்தில் கரகாட்டம். ஜூமை முழுக்க இழுத்திருக்கிறீர்கள். 2.8 லென்ஸ் நொடியில் 60-ல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கிற படத்துக்கு, 6.9 லென்ஸ் 10-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் ஆடுகிறவர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கிவிடும். இல்லையென்றால் கேமரா தானே ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஏற்றும், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக மணல் தூவிய மாதிரி வரும். 'ஸ்டெபிலைசர் இருக்கு சார்' என்பார்கள். இருக்கட்டும். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆடுகிறவரைப் பிடிக்காது. ஃபிளாஷும் மூன்று நாலு மீட்டர் தாண்டினால் உதவாது. ஆகவே இரண்டாவது ஜோடியின் கடைசி எண், அதைக் கட்டாயம் பாருங்கள்.

பகல் வெயிலில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலில் நின்று எடுத்துக் காட்டினால் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். அதற்குக் கையிலிருக்கிற போனே போதும். முதல் எண் 4, 5 என்றுள்ள கேமரா, அகலப் படத்தில் நல்ல போனிடம் தோற்றும் போகும். குளத்தில் இறங்கும் நாரையைப் பகலில் கிட்டத்தில் இழுக்க வேண்டுமென்றால் மட்டும் அதை வாங்கலாம், 4.3-129 மாதிரி 30 மடங்கு ஜூம் உள்ளதாகப் பார்த்து. ராத்திரி விசேஷத்துக்கு மொச்சைக்கொட்டைதான்.

வளைகுடாவில் வாங்குவதானால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்டா? சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு தரச் சொல்லி, உங்கள் கார்டைப் போட்டுப் பாருங்கள். ஜூமைப் பத்துத் தடவை இழுத்து விடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே மணல் இருக்கலாம், வாங்காதீர்கள். வெறும் வானத்தை ஜூம் போட்டு எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை இருந்தால் சென்சாரில் தூசி, பிரித்தால்தான் போகும். பேட்டரி மேசையில் வைத்துச் சுழற்றினால் பம்பரமாகச் சுற்றுகிறதா? உப்பியிருக்கிறது. எக்ஸ்டி (xD) என்கிற பழைய வகைக் கார்டு போடுகிற கேமரா என்றால் கார்டு தேடியே அலுத்துப்போவீர்கள்.

கடைசியாக, போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நம் ஊர்ச் சாரலில் கேமராவைக் கொல்வது இதுதான். சின்னக் கேமரா லென்ஸைக் கழற்றித் துடைப்பது வாங்குகிற விலையைத் தின்னும். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பது அதற்கு மெத்தை விரித்துக் கொடுப்பது போல. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதன் மாவு லென்ஸ் இடுக்கில் ஏறும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. மெமரி கார்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: 4-லிருந்து 32 ஜிபி வரை உள்ள கார்டு எஸ்டிஹெச்சி (SDHC) வகை, 64-லிருந்து எஸ்டிஎக்ஸ்சி (SDXC) வகை. பழைய கேமரா எஸ்டிஎக்ஸ்சியை ஏற்காமல் போகலாம், கையேட்டில் பாருங்கள். மலிவாகக் கிடைத்த கார்டை, வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் வைத்துச் சொன்ன அளவுக்கு முழுக்க நிரப்பி, திறந்தும் பாருங்கள். போலிக் கார்டு தன் உண்மையான அளவைத் தாண்டியும் எழுதுவது போலக் காட்டும், திறந்தால் படம் சரியாக இருக்காது. சார்ஜர் பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.