தொடர்மாடியில் உங்கள் பார்க்கிங்கில் வேறொருவர் வாகனம் நின்றால் என்ன செய்யலாம்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில் இருக்கிற தொடர்மாடி அது. வீடு தம்பியின் பெயரில் இருக்கிறது, தம்பி கனடாவில். அக்காவின் குடும்பம் அங்கே குடியிருக்கிறது. வாங்கும்போது கீழே ஒரு பார்க்கிங்கும் கொடுத்தார்களாம். இப்போது பின்னேரம் வேலை முடிந்து வந்தால் அந்த இடத்தில் யாருடையவோ வாகனம் நிற்கிறது. ஒரு நாள் மேல்மாடிக்காரரின் விருந்தாளி, இன்னொரு நாள் காலி வீதியில் சாமான் வாங்க வந்தவர்கள். செக்யூரிட்டியிடம் கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறார். சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாமா, பொலிஸுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

பூட்டுக் கதையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் அக்கா. முதலில் அந்த இடம் எந்தக் கடதாசியின்படி உங்களுடையது என்று பார்க்க வேண்டும். கொழும்பில் பார்க்கிங் சண்டைகளில் பாதி இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. தம்பியின் உறுதியை எடுத்துப் பாருங்கள். அதோடு கட்டடத்தின் பதிவுசெய்யப்பட்ட கூட்டு ஆதன (கொண்டோமினியம்) வரைபடத்தையும் பாருங்கள். அது கையில் இல்லாவிட்டால் உறுதி எழுதிய நொத்தாரிசைக் கேட்கலாம், காணிப் பதிவகத்தில் தேடியும் எடுக்கலாம். சில கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பார்க்கிங், அந்த வீட்டோடு சேர்ந்த துணை அலகாக வரைபடத்தில் இலக்கத்தோடு காட்டப்பட்டிருக்கும். உறுதியின் அட்டவணையிலும் அந்த இலக்கம் வரும். அப்படி இருந்தால் அது வீட்டு அறையைப் போல உங்கள் தம்பியின் சொத்து.

வேறு சில கட்டடங்களில் கீழ்த்தளம் முழுக்கப் பொதுப் பகுதி. இந்தக் கோடு உனக்கு, அந்தக் கோடு எனக்கு என்று நிர்வாகம் பிரித்துக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். அப்போது உங்களுக்கு இருப்பது பாவிக்கும் உரிமை. அதைக் காப்பாற்ற வேண்டிய முதல் பொறுப்பு நிர்வாகத்துடையது. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. விற்கும்போது கட்டியவர் தூணைக் காட்டி "இதுதான் உங்கட பார்க்கிங்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதே தூணை இன்னொருவருக்கும் காட்டியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் காலமெல்லாம் சண்டை பிடிக்க வேண்டியதுதான். இதை மேலும் இழுக்காமல் கூட்டத்தில் எழுத்தில் முடிவு எடுப்பிக்க வேண்டும்.

நிர்வாகம் என்று சொல்வது யாரை? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உடைமைச் சட்டம் இருக்கிறது. 1982இலும் 2003இலும் அதைத் திருத்தினார்கள். அந்தச் சட்டப்படி கட்டடத்துக்கு ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்க வேண்டும். நாம் பேச்சில் மெனேஜ்மென்ட், கமிட்டி என்று சொல்வது இதைத்தான். வீட்டு உரிமையாளர்கள் எல்லோருமே அதன் உறுப்பினர்கள். தனியாகச் சேர வேண்டியதில்லை. பொதுப் பகுதிகளைப் பராமரிப்பதும், உபவிதிகளை நடைமுறைப்படுத்துவதும் அதன் வேலை. தன் பெயரில் வழக்குப் போடவும் அதற்கு முடியும். ஆகவே "நாங்கள் என்ன செய்வது, செக்யூரிட்டியிடம் சொல்லுங்கோ" என்று தலைவர் கைகழுவ முடியாது. மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டுகிறீர்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் கத்துவதால் பிரயோசனமில்லை. கடிதமாக எழுதுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, வாகன இலக்கம், படம். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தக் கடதாசியைத்தான்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். உள்ளே வந்து நின்றுவிட்ட வாகனத்தை எடுப்பிப்பது பெரும்பாடு. கேட்டில் மறிப்பது சுகம். கேட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு பின்னேரம் நின்று பாருங்கள். கார்க்காரர் கண்ணாடியைப் பாதி இறக்கி, "மல்லி, விநாடி தஹயய்" (தம்பி, பத்து நிமிடம்தான்) என்பார். செக்யூரிட்டிக்கு அவர் யார் என்று தெரியாது, ஆனாலும் கேட்டைத் திறந்துவிடுவார். பத்து நிமிடம் இரண்டு மணித்தியாலமாகும். அந்த மனிதரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மறித்தால் ஏசுவார்கள். உள்ளேயிருக்கும் ஐயாவின் சொந்தக்காரராக இருந்தால் வேலையே போய்விடும். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அவருக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எழுதிக் கொடுங்கள். எந்த இடம் எந்த வீட்டுக்கு, அந்த வீட்டு வாகன இலக்கம் என்ன என்று ஒரு பட்டியல் காவல் அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். குடியிருப்பவர்களின் கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கர். வெளியாருக்கு ஒரு பதிவுப் புத்தகம். அதில் எந்த வீட்டுக்கு வந்தார் என்ற இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, இன்டர்கொமில் அந்த வீட்டைக் கேட்ட பிறகே கேட் திறக்க வேண்டும். புத்தகத்தில் போன் இலக்கம் எழுத வைப்பது இன்னும் நல்லது. குறுக்கே நிற்கும் வாகனத்தை எடுக்கச் சொல்லி ஏழு மாடியும் மணியடிக்கத் தேவையில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போன் இலக்கம் எழுதச் சொன்னதும் திரும்பிப் போய்விடுவார்கள். ஆடிவேல் நாட்களிலும் பண்டிகைக்கு முந்திய வாரங்களிலும் அந்தப் பக்கம் வாகனம் விட இடமே கிடைக்காது. அந்த நாட்களில் கேட்டைப் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள். வாசலில் அறிவித்தல் பலகை மூன்று மொழியிலும் இருக்கட்டும். பலகை இருந்தால் தெரியாமல் வந்துவிட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இடம் துணை அலகாக உங்களுக்கே உரியதென்றால் மடக்கி நிமிர்த்தும் இரும்புத் தடை ஒன்றைத் தரையில் பொருத்தலாம். ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பொதுப் பகுதி என்றால் கமிட்டியின் எழுத்து அனுமதி இல்லாமல் கொங்கிரீட்டில் ஓட்டை போடாதீர்கள். பிறகு முறைப்பாடு உங்கள் மீது வரும்.

சரி, சக்கரப் பூட்டு. வேண்டாம். காற்று இறக்குவதும் வேண்டாம், கண்ணாடியில் பசை பூசி நோட்டீஸ் ஒட்டுவதும் வேண்டாம். ஒருவருடைய வாகனத்துக்குச் சேதம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது குற்றம். பூட்டுப் போட்டு மறித்து வைத்துவிட்டு, திறக்கக் காசு கேட்டால் இன்னும் சிக்கல். உங்கள் பக்கம் இருந்த நியாயம் ஒரு பின்னேரத்தில் அவர் பக்கம் போய்விடும். வைப்பரில் ஒரு துண்டு செருகி, படம் எடுத்து, புத்தகத்தில் பதியுங்கள், போதும்.

பொலிஸுக்குப் போகலாம், ஆனால் என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். இது உங்களுக்குள் தீர்க்க வேண்டிய சிவில் பிரச்சினை என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும். சட்டத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. குற்றவியல் அத்துமீறல் என்று வருவதற்கு உள்ளே வந்தால் மட்டும் போதாது, குற்றம் செய்ய, மிரட்ட, அவமதிக்க அல்லது தொல்லை கொடுக்க என்ற நோக்கமும் வேண்டும். தெரியாமல் விட்டுப்போனவருக்கு அந்த நோக்கம் இல்லை. எடுக்கச் சொல்லியும் எடுக்காமல், வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அதே இடத்தில் விட்டுவிட்டு வாய்த்தர்க்கம் செய்கிறவர் கதை வேறு. அப்படியானால் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிப் பாதையை மறித்து விட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் நிற்பது சின்ன விஷயமில்லை.

கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஒருவர் "இது என்னுடைய இடம்" என்று பிடித்துக்கொண்டால், அது சமாதானம் குலையும் நிலைக்குப் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இருக்கிறது. காணித் தகராறுகளில் "66 வழக்கு" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான். பொலிஸும் கொண்டுபோகலாம், நீங்களே சத்தியக் கடதாசியோடும் போகலாம். உடைமையில் இருந்தவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், வழக்குக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் அது நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே பார்ப்போம், பார்ப்போம் என்று ஆறு மாதம் இழுத்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போகாதீர்கள். கமிட்டியே அசையவில்லை, அல்லது கட்டியவர் இன்னும் கூட்டுத்தாபனத்தை அமைக்காமல் தானே நடத்துகிறார் என்றால் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபைக்கு எழுதலாம். சி.எம்.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி பார்க்கிங்கை மறித்துக் கடையோ களஞ்சியமோ ஆக்கியிருந்தால் அது அனுமதி பெற்ற கட்டட வரைபடத்துக்கு மாறானது. அதை மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் அறிவிக்கலாம்.

கடைசியாக அக்கா, உங்கள் விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. உறுப்பினர் உங்கள் தம்பி, நீங்கள் அல்ல. கூட்டத்தில் யாராவது "நீங்கள் யார் கேட்க?" என்று வாயை அடைக்கப் பார்ப்பார்கள். கனடாவிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயம் மூலம் தம்பியிடமிருந்து ஒரு அற்றோர்ணித் தத்துவம் எடுப்பித்துக்கொள்ளுங்கள். வீடு சம்பந்தமாக நிர்வாகத்தோடு கதைக்கவும், முறைப்பாடு செய்யவும், வழக்காடவும் அதிகாரம் என்று அதில் தெளிவாக எழுதட்டும். அது வரும்வரை கமிட்டிக்கான கடிதத்தைத் தம்பியின் பெயரிலேயே ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், இன்றைக்கே அனுப்பலாம். அடுத்த கேள்வி தெஹிவளையிலிருந்து, தண்ணீர் பில் பற்றியது.