மகனின் செப்பேடே எங்கள் சாட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வங்கத்துப் பால வம்சத்தின் பெருமைக்குப் பெரிதும் காரணம் அதைத் தொடங்கிய கோபாலரா, விரித்த அவர் மகன் தர்மபாலரா என்பது நம் தலைப்பு. எனக்கு முன் பேசிய தோழி தர்மபாலர் எழுப்பிய விக்ரமசீலம், சோமபுரம் என்ற பௌத்த மடங்கள், வடநாட்டுத் தலைநகர் கன்னோசியில் அவர் பெற்ற செல்வாக்கு என்று அடுக்கிவிட்டு, "கோபாலர் எதைக் கட்டினார்?" என்று கேட்டார்.

சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கத்தின் கௌட நாட்டை ஆண்ட சசாங்கன், வடநாட்டுப் பேரரசர் ஹர்ஷருக்கே ஈடுகொடுத்தவன். வீரத்திலோ படையிலோ அவனுக்கு என்ன குறை? ஆனால் அவன் கண்மூடியதும் நாடு சிதறியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அங்கே நிலையான அரசு இல்லை. நாலு ஆளைச் சேர்த்தவனெல்லாம் ராஜா. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் அந்த நிலையைத்தான் 'மாத்ஸ்ய நியாயம்' என்கிறது காலிம்பூர் செப்பேடு.

அந்தச் செப்பேடு யாருடையது தெரியுமா? தோழியின் தர்மபாலருடையது! தம் 32-ஆம் ஆட்சியாண்டில், பாடலிபுத்திரப் பாசறையிலிருந்து வெளியிட்டது. கங்கையில் நிற்கும் படகு வரிசை, ராமர் சேதுவுக்கு மலைகளை அடுக்கியதுபோல் இருக்கிறதாம், அவ்வளவு செழிப்பு. அந்த உச்சியில் நின்றுகொண்டு அவர் தம் முன்னோரைச் சொல்கிறார். கொள்ளுப்பாட்டனார் தயிதவிஷ்ணு கல்வியில் சிறந்தவர், பாட்டனார் வப்யடர் பகைவரை வென்றவர். இருவருக்கும் அரசப் பட்டம் இல்லை. மாத்ஸ்ய நியாயத்தை ஒழிக்கப் 'பிரகிருதிகள்' கோபாலரைத் திருமகளின் கரம் பற்றச் செய்தார்கள், அதாவது அரசராக்கினார்கள் என்கிறார். என் தந்தை வாளால் வென்றார் என்று எழுத மகனுக்கு என்ன தடை? எழுதவில்லையே!

பிரகிருதிகள் என்றால் குடிமக்களா, தலைவர்களா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். தலைவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அது இன்னும் பெரிதாகப் படுகிறது. நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள், தங்களில் ஒருவரை அரசராக ஏற்பது லேசான காரியமா?

தோழி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கன்னோசிக்காக மூன்று அரசுகள் மோதிய போட்டியில் தர்மபாலர் பிரதிகார மன்னன் வத்சராஜனிடமும் ராஷ்டிரகூட மன்னன் துருவனிடமும் தோற்றவர். பிறகு எழுந்து, கன்னோசி அரியணையில் சக்ராயுதனை அமர்த்தினார். எப்படி முடிந்தது? தோற்றுத் திரும்பியவருக்குத் தந்தை உண்டாக்கிய நாடு நின்றுகொண்டிருந்தது. சசாங்கனுக்குப் பின் அப்படி எதுவும் நிற்கவில்லை.

வங்கதேசத்துப் பஹார்பூரில் இன்றும் பரந்து கிடக்கும் சோமபுர விகாரம் தர்மபாலர் கட்டியதுதான், மறுக்கவில்லை. விளைந்த நெல்லை வலியவன் அள்ளிப்போகிற ஊரில், விகாரத்துக்குச் செங்கல் சுட யார் வந்திருப்பார்கள்?

நம் ராஜேந்திர சோழரின் கங்கைப் படை வென்ற மகிபாலனும் இந்த வம்சத்தவன்தான். கோபாலருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவன். அந்த அடிக்குப் பிறகும் பாலர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பைக் கோபாலர் பக்கம் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.