கம்ப்யூட்டர்ல விளம்பரமாக் கொட்டுதா? ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

[திரையில்: டெஸ்க்டாப். வலது கீழ் மூலையில் எச்சரிக்கைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.]

"உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்!" அதை மூடறதுக்குள்ள "ஆன்டிவைரஸ் இன்றோடு முடிகிறது!" அதையும் மூடுனா, யாரோ ஒரு அம்மிணி உங்ககிட்டப் பேச ஆசைப்படறாங்களாம்.

வணக்கமுங்க. திருப்பூர்ல பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற ஆபீஸா இருக்கட்டும், ஈரோட்டுல மஞ்ச மண்டிக் கணக்கு எழுதற சிஸ்டமா இருக்கட்டும், இது வந்ததும் நாம பண்ற முதல் காரியம் என்ன? சிபியுவைத் தூக்கி ஸ்கூட்டர் முன்னாடி வெச்சுக்கிட்டு சர்வீஸ் கடைக்குப் போறது. "வைரஸுங்ணா, ஃபார்மட் போட்டாத்தான் ஆகும்"னு பதில் வரும். காசு போறது ஒரு பக்கம். டேலி டேட்டா பேக்கப் இருக்குதா இல்லையான்னு வயித்துல புளியைக் கரைக்கறது இன்னொரு பக்கம்.

திரையில பார்த்தீங்களே அந்த மூலைப் பெட்டி, அது வைரஸே இல்லீங்க. உங்க கையால நீங்களே குடுத்த அனுமதி. எடுத்து வீசறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

[திரையில்: ஒரு பெட்டி பெரிதாக்கப்படுகிறது.]

படத்துல பெருசா கேடயம், சிவப்புக் கலர், ஆச்சரியக்குறி எல்லாம் இருக்கும். அதையெல்லாம் பார்க்காதீங்க. ஓரத்துல பொடி எழுத்தைப் பாருங்க. "கூகுள் குரோம்"னு இருக்கும், பக்கத்துலயோ கீழயோ வாயில நுழையாத ஒரு வெப்சைட் அட்ரஸ் இருக்கும். குட்டு உடையறது அங்கதான். விண்டோஸ் செக்யூரிட்டி நிஜமாவே எச்சரிக்கை குடுத்தா அதுல குரோம் பேரும் வராது, வெப்சைட் அட்ரஸும் வராது.

இது எப்படி வந்துச்சு? படம் பார்க்கறதுக்கோ பிடிஎஃப் இறக்கறதுக்கோ ஏதோ ஒரு சைட்டுக்குப் போயிருப்பீங்க. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அமுக்கவும்"னு கேட்டிருக்கும், நீங்களும் அமுக்கியிருப்பீங்க. ரோபோ சோதனைக்கும் அந்த அலோ பட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நிஜமான சோதனை டிராஃபிக் லைட்டைக் காட்டும், பஸ்ஸைத் தேடச் சொல்லும், நோட்டிஃபிகேஷன் அனுமதி மட்டும் கேட்கவே கேட்காது.

குரோம்ல மேல மூணு புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்க "அனுமதி உள்ள சைட்டுகள்"னு ஒரு பட்டியல் வரும். தெரியாத பேரு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு புள்ளியை அமுக்கி பிளாக் குடுங்க. ரிமூவ் வேண்டாமுங்க. ரிமூவ் பண்ணுனா அடுத்த தடவை அந்த சைட் மறுபடியும் கேட்கும், பிளாக் பண்ணுனா கேட்கவே முடியாது. அதே பக்கத்துல மேல "எந்த சைட்டும் நோட்டிஃபிகேஷன் கேட்க வேண்டாம்"ங்கற தேர்வையும் போட்டுருங்க. எட்ஜ், ஃபயர்பாக்ஸ் வெச்சிருக்கறவங்க செட்டிங்ஸ் பக்கத்துல இருக்கற தேடல் பெட்டில நோட்டிஃபிகேஷன்னு அடிச்சா நேரா அங்கயே கொண்டுபோய் விட்டுரும்.

பாதிப் பேருக்கு வேலை இங்கயே முடிஞ்சிருச்சு. லைக் போட்டுட்டுக் கெளம்பலாம். மீதிப் பேரு உக்காருங்க, உங்க சோலி கொஞ்சம் பெருசு.

[திரையில்: கூகுளில் தேடினால் வேறு ஏதோ தேடுபொறி திறக்கிறது.]

பிரவுசரைத் திறந்தா முதல் பக்கமே மாறியிருக்கும். கூகுள்ல தேடுனா வேற எங்கயோ கொண்டுபோய் விடும். எந்தப் பக்கத்துல கிளிக் பண்ணினாலும் புதுசா ஒரு டேப் திறக்கும். இதுதான் நிஜ ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டறதுக்குன்னே உள்ள நுழையற சாஃப்ட்வேர். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் தேதி வாரியா அடுக்குங்க. தொந்தரவு ஆரம்பிச்ச நாளை ஒட்டி நீங்க போடாத எதாவது உக்காந்திருந்தா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் குரோம்ல எக்ஸ்டென்ஷன்ஸ் (பிரவுசரோட ஒட்டிக்கிற குட்டி சாஃப்ட்வேர்) பக்கம் போய், தெரியாததை ரிமூவ் பண்ணுங்க. இது ஊருல எல்லா வீடியோலயும் இருக்கறதுதான், இதுக்கு மேல நேரம் செலவு பண்ண வேண்டாம்.

ஆனா அந்த வீடியோவுக்கெல்லாம் கீழ கமெண்ட்டைப் பாருங்க. "ப்ரோ, ரீஸ்டார்ட் பண்ணுனா மறுபடியும் வந்துருதே!"

மஞ்சக் காட்டுல களை வெட்டுனவங்களுக்குக் கோரையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. புல்லைப் புடுங்குனா கையோட வந்துரும், காடு சுத்தமான மாதிரியே இருக்கும். தண்ணி விட்டுச் சில நாள்ல பழையபடி குத்திக்கிட்டு நிக்கும். கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்குதில்லீங்களா! அதுலயும் கிழங்குக்கும் கிழங்குக்கும் நடுவுல கொடி ஓடுது. கொத்துல வெட்டுனா கொடி அறுந்து, ஒண்ணா இருந்தது நாலா முளைக்கும். நீங்க எடுத்துப்போட்ட எக்ஸ்டென்ஷன் வெறும் புல்லு. கிழங்கு வேற நாலு இடத்துல இருக்குது. அதை முதல்ல எடுத்துட்டுத்தான் எக்ஸ்டென்ஷன்ல கை வெக்கணும்.

[திரையில்: டாஸ்க் ஷெட்யூலர்.]

பெரிய கிழங்கு டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட்ல அந்தப் பேரைத் தேடித் திறந்து, இடது பக்கம் லைப்ரரியை அமுக்குங்க. விண்டோஸ் இந்த நேரத்துக்கு இந்த வேலை செய்யணும்னு குறிச்சு வெக்கிற இடம் இது. ஆட்வேரும் இங்கயே ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போயிரும். ஒவ்வொரு டாஸ்கா அமுக்கி, கீழ டிரிக்கர்ஸ், ஆக்‌ஷன்ஸ் ரெண்டையும் படிங்க. டிரிக்கர்ல "லாக் ஆன் ஆகும்போது" இல்லைன்னா "மணிக்கு ஒரு தடவை"ன்னு இருந்து, ஆக்‌ஷன்ல குரோம் ஃபைலுக்குப் பின்னாடி ஒரு வெப்சைட் அட்ரஸ் ஒட்டிக்கிட்டிருந்தா, ஆளு அவந்தான். பவர்ஷெல்னு (விண்டோஸுக்குக் கட்டளை குடுக்கற கருவி) ஆரம்பிச்சு நீளமாக் குழம்பிப்போன எழுத்து வந்தாலும் சந்தேகப்படுங்க. ஆப்டேட்டா இல்லைன்னா புரோகிராம்டேட்டா ஃபோல்டர்ல, அர்த்தமில்லாத பேருல ஒரு ஃபைலை ஓட்டச் சொன்னாலும் அப்படித்தான்.

உடனே டெலீட் அடிச்சுராதீங்க. கூகுள் அப்டேட், எட்ஜ் அப்டேட், ஒன்டிரைவ் எல்லாம் இங்க நியாயமா இருக்கற டாஸ்க். ஒன்டிரைவ் ஃபைல்கூட ஆப்டேட்டாவுல இருக்கலாம். அதனால சந்தேகப்பட்டதை முதல்ல டிஸேபிள் பண்ணுங்க, ஆக்‌ஷன்ல இருக்கற ஃபைல் பாதையைக் குறிச்சு வெச்சுக்குங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. தொந்தரவு நின்னுதுன்னா டாஸ்கையும் ஃபைலையும் ஒட்டுக்காத் தூக்கிருங்க.

[திரையில்: குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது".]

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச கிழங்கு. எக்ஸ்டென்ஷன் பக்கத்துல ரிமூவ் பட்டனே இருக்காது. குரோம் மெனுவுக்கு அடியில "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு எழுதியிருக்கும். வீட்டு கம்ப்யூட்டருங்க! எந்த நிறுவனம்? பெரிய கம்பெனிகள்ல நூறு கம்ப்யூட்டர்ல ஒரே எக்ஸ்டென்ஷனை, ஊழியர் எடுக்க முடியாதபடி போடறதுக்காகவே குரோம்ல பாலிசின்னு ஒரு வசதி இருக்குது. ஆட்வேர் தன்னையே உங்க கம்பெனி முதலாளி ஆக்கிக்குது. கோவத்துலயும் ஒரு சபாஷ் போடத் தோணுமுங்க.

அட்ரஸ் பார்ல, திரையில தெரியறபடியே குரோம், கோலன், ரெண்டு சாய்கோடு, பாலிசின்னு அடிங்க. "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்"னு ஒரு வரி இருந்தா, அதுதான் கட்டாயமாத் திணிச்ச பட்டியல். எடுக்கறதுக்கு, விண்டோஸோட உள் செட்டிங்ஸையெல்லாம் மாத்தற ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் வரைக்கும் போகணும். முதல்ல ஃபைல், எக்ஸ்போர்ட் குடுத்து ஒரு காப்பி எடுத்துக்குங்க. அப்புறம் அந்தக் குரோம் ஃபோல்டரை டெலீட் பண்ணுங்க. கரன்ட் யூசருக்குக் கீழயும் இதே பாதை இருக்கலாம், அங்கயும் பாருங்க. ஆபீஸ் கம்ப்யூட்டரா இருந்தா கை வெக்காதீங்க, அங்க நிஜமாவே ஒரு நிறுவனம் இருக்குது. சில ஆன்டிவைரஸும் பாலிசி போடும், அதனால பேரைப் படிச்சுட்டு வெட்டுங்க.

மூணாவது, ஷார்ட்கட். டெஸ்க்டாப்ல குரோம் ஐகானை ரைட் கிளிக் பண்ணி புராப்பர்ட்டீஸ்ல டார்கெட் பெட்டியைப் பாருங்க. குரோம் ஃபைல் பேரோட முடியணும். புரொஃபைல் டைரக்டரின்னு எதாவது இருந்தாப் பரவாயில்லை. வெப்சைட் அட்ரஸ் இருந்தா அதை மட்டும் அழிங்க. டாஸ்க்பார்ல இருக்கற ஐகானை எடுத்துட்டு மறுபடி பின் பண்ணிருங்க, அதுலயும் ஒட்டியிருக்கும்.

நாலாவது, சிங்க். ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கற பிரவுசர் செட்டிங்ஸை, எக்ஸ்டென்ஷனை இன்னொண்ணுக்கும் தானாக் கொண்டுபோற வசதி இது. ஒரே கூகுள் அக்கவுண்ட்டை ஆபீஸ்லயும் வீட்லயும் போட்டிருந்தா, வீட்டைச் சுத்தம் பண்ணுனாலும் ஆபீஸ்ல இருந்து சாவகாசமாத் திரும்ப வந்து இறங்கும். ரெண்டும் சுத்தமாகற வரைக்கும் சிங்க்ல எக்ஸ்டென்ஷனை மட்டும் ஆஃப் பண்ணி வெங்க.

[திரையில்: ஆட்வ்கிளீனர்.]

இவ்வளவும் கையால முடியாதுன்னா ஆட்வேரைத் தேடி எடுக்கறதுக்குன்னே மால்வேர்பைட்ஸ் கம்பெனியோட ஆட்வ்கிளீனர் இருக்குது. இலவசம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை, அவங்க சொந்த சைட்டுல மட்டும் இறக்குங்க. முடிஞ்சதும் ரீஸ்டார்ட் கேட்கும், அதனால டேலியை மூடிட்டு ஆரம்பிங்க. கடைசில கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்களே போட்டு அனுப்புன சாஃப்ட்வேரையும் தனியாப் பட்டியல் போட்டுக் காட்டும். அதையெல்லாம் டிக் அடிச்சே ஆகணும்னு இல்லை. "குரோம்லயே கிளீனப் டூல் இருக்குது"ன்னு சொல்ற பழைய வீடியோவை நம்பித் தேடாதீங்க, 2023-ல குரோம் 111 வந்தப்பவே அதைத் தூக்கிட்டாங்க.

சுத்தம் பண்ணுன பின்னாடி நெட்டே ஓடலைன்னா பதறாதீங்க, நெட் கனெக்‌ஷன் குடுத்தவரைப் போன்ல வெளாசவும் வேண்டாம். ஆட்வேர் உங்க போக்குவரத்தையெல்லாம் தன் வழியாத் திருப்பி வெச்சிருந்திருக்கும். ஆளு போயிட்டான், திருப்பிவிட்ட செட்டிங் மட்டும் நிக்குது. செட்டிங்ஸ்ல நெட்வொர்க், ப்ராக்ஸி போய் "ப்ராக்ஸி சர்வர் பயன்படுத்து"ங்கறதை ஆஃப் பண்ணுங்க.

சரி, இதெல்லாம் எங்கிருந்து வருது? பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரங்க கொஞ்சம் கவனிங்க. பாமினி ஃபான்ட் வேணும்னு தேடி, பச்சைக் கலர்ல பெருசாத் தெரியற டவுன்லோடு பட்டனை அமுக்கறீங்க. அந்தப் பட்டனே விளம்பரம். ஃபான்ட் ஃபைல் டிடிஎஃப்னோ ஜிப்னோ முடியணும், ஈஎக்ஸ்ஈன்னு வந்தா அது ஃபான்ட் இல்லீங்க. யூனிகோட்ல அடிச்சாப் போதும்னா தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ்லயே இருக்குது, எதையும் இறக்க வேண்டாம். காசு கட்டாம சாஃப்ட்வேரை ஓட வெக்கிற திருட்டு ஆக்டிவேட்டரைப் பத்தி ஒரே வரி: "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டவும்"னு எழுதியிருக்கறப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். மத்த எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் எக்ஸ்பிரஸ் வேண்டாம், கஸ்டம் அமுக்குங்க. கூட வர்ற உருப்படியெல்லாம் அங்கதான் டிக் போட்டு ஒளிஞ்சிருக்கும்.

நெட்டுல இருந்துதான் வரணும்னும் இல்லீங்க. 2014 கடைசில லெனோவோ சில லேப்டாப்கள்ல சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர சாஃப்ட்வேரை முன்கூட்டியே போட்டு வித்தாங்க. பூட்டு ஐகான் போட்ட பாதுகாப்பான பக்கத்துக்குள்ளயும் விளம்பரம் நுழைக்கணும்ங்கறதுக்காக, விண்டோஸ்ல தன்னோட சொந்த ரூட் சர்டிஃபிகேட்டையே, அதாவது எந்த சைட் நிஜம்னு பிரவுசர் நம்பறதுக்கான அத்தாட்சியையே, அது போட்டுக்கிச்சு. எல்லா லேப்டாப்லயும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரில ராபர்ட் கிரஹாம்ங்கற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியோட பாஸ்வேர்டை உடைச்சார். பாஸ்வேர்டு என்ன தெரியுங்களா? "கொமோடியா". அந்த ஒட்டுக்கேட்கிற தொழில்நுட்பத்தைச் செஞ்சு குடுத்த கம்பெனியோட பேரு! அதாவது, அந்த லேப்டாப் வெச்சிருந்தவங்களோட அதே வைஃபைல உக்காந்திருந்த எவனும் அவங்க பேங்க் பக்கம் மாதிரியே ஒண்ணைக் காட்டியிருக்கலாம், பிரவுசரும் பூட்டு ஐகானைப் போட்டுக் காட்டியிருக்கும். ஆட்வேர்னா வெறும் தொந்தரவுதானேன்னு கேட்கறவங்களுக்கு நான் காட்டறது இதைத்தான்.

[திரையில்: முழுத்திரை எச்சரிக்கை, பீப் சத்தம், ஒரு போன் நம்பர்.]

முழுத்திரையா வந்து கத்திக்கிட்டு, "மைக்ரோசாஃப்டுக்கு இந்த நம்பர்ல கூப்பிடுங்க"ன்னு சொன்னா, எஸ்கேப் பட்டனைச் சித்த நேரம் அமுக்கிப் புடிங்க. அடங்கலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒட்டுக்கா அமுக்கி, டாஸ்க் மேனேஜர்ல குரோமை முடிச்சுருங்க. மறுபடி திறக்கறப்ப ரீஸ்டோர் கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, இல்லைன்னா அதே பக்கம் எந்திரிச்சு வரும். மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைல போன் நம்பர் வராதுங்க. ஏற்கெனவே கூப்பிட்டு, ரிமோட் சாஃப்ட்வேர் போட்டு, பணமும் போயிருச்சுன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க. நெட்டைக் கழட்டுங்க. வேற ஒரு கருவில இருந்து பேங்க் பாஸ்வேர்டையும் ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாத்துங்க.

உங்க பாலிசி பக்கத்துல, டாஸ்க் ஷெட்யூலர்ல என்ன பேரு வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, எது வெட்டலாம் எது கூடாதுன்னு பதில் எழுதறோம். எழுத்துல மட்டும்தான் எழுதுவோம். நம்ம சேனல் படத்தையே வெச்சுக்கிட்டு "டெலிகிராம்ல வாங்க, ரிமோட்ல சரி பண்றேன்"னு எவனாவது உங்க கமெண்டுக்கு அடியில பதில் போட்டா, அது நாங்க இல்லீங்க. ரிப்போர்ட் அடிச்சு விடுங்க.