உள்ளூர் மாடும் ஒரு கேமராவும்

(பெங்களூரு அல்சூரில், எங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மைக் மக்கர் செய்த இடங்களை விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னாள் மாமன்ற உறுப்பினர் அவர்களே, நாற்பது வருடமாக நம் தெருக் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து எழுதிவரும் டாக்டர் அம்மா அவர்களே, நாற்காலிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் காதில் இரண்டு முறை சொன்ன நண்பரே (சொல்லவில்லை ஐயா), எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, அந்தப் பொன்னாடைக்கு பில் கேட்கப்போகும் பொருளாளர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பொருளாளரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்றாட இடங்களில் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: ஒளி, பொறுமை, பக்கத்தில் போவது.

ஒளியை முதலில் முடித்துவிடுவோம். காலை ஏழு மணிக்கு தர்ஷினி ஓட்டல் வாசலில் ஒருவர் நின்று காபி குடிக்கிறார். வெயில் அவர் முதுகுப் பக்கம் விழும்படி நீங்கள் எதிரே நின்று எடுங்கள். காபியின் ஆவி தெரியும். வெயில் உங்கள் முதுகில் விழுந்தால் டம்ளர்தான் தெரியும். அதற்கு முன்னால் செல்போன் லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்கலாக வருவது எண்ணெய்க் கையால்தான்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். கேமரா வாங்கியவுடன் நாம் ஹம்பிக்கும் குடகுக்கும் கிளம்புவது அதனால்தான். ஆனால் உலகில் இன்று மிஞ்சியிருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது எது தெரியுமா? பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826, 27 வாக்கில் தன் வீட்டு மாடி ஜன்னல் வழியாக எடுத்த கூரைகள்! தட்டில் ஒளி பதியக் குறைந்தது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்கிறார்கள். 1930-ல் எட்வர்டு வெஸ்டன் என்ற அமெரிக்கர் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். படம் எடுத்த காய்களை அவர் சாப்பிட்டும் இருக்கிறார். நம் வீட்டில் சாப்பிடுவதோடு சரி.

என் கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பணத்தில் பெரிய லென்ஸ் வாங்கி, புலியை எடுக்க மூன்று முறை பந்திப்பூர் போனேன். மூன்று முறையும் மான். மூன்றாவது முறை திரும்பியபோது என் மனைவி, "என்னங்க, நம்ம சந்து டெய்லர் கடைப் பூனையையாவது எடுங்க. அதுவும் அந்தக் குடும்பம்தானே" என்றார்.

ரோஷத்தோடு மறுநாளே போனேன். பூனை வெட்டுத்துணிக் குவியலில் தூங்குகிறது. டெய்லர் கழுத்தில் டேப்பு, காதில் சுண்ணாம்புக்கட்டி, காலடியில் மெஷின். அருமையான படம். லென்ஸை நீட்டினேனோ இல்லையோ, மாநகராட்சி ஆள் வந்துவிட்டான் என்று நினைத்து மெஷினை உள்ளே இழுத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்துப் பூக்காரம்மா கூடையை எடுத்தார். பழக்கடைக்காரர் வண்டியைத் தள்ளினார். இரண்டு நிமிடத்தில் நடைபாதை காலி! முன்னாள் உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார். ஐந்து வருடத்தில் தங்களால் முடியாததை என் லென்ஸ் செய்தது ஐயா.

நான்தான் என்று தெரிந்ததும் டெய்லருக்குச் சந்தோஷம். "இருங்க சார், நல்லா எடுக்கலாம்" என்றார். துணிக் குவியலை அள்ளினார். மெஷின் மேல் போர்வை போட்டார். பூனையை விரட்டினார். சட்டை மாற்றி, தலை வாரி, வெறும் சுவரின் முன்னால் விறைப்பாக நின்று, "இப்ப எடுங்க" என்றார். எடுக்க வேண்டியதையெல்லாம் ஒளித்துவிட்டு நிற்கிறார் மனிதர்! உள்ளூர் மாடு விலை போகாது என்று அந்த மாடே நம்பினால் என்ன செய்வது?

அதையும் எடுத்தேன். அவர் மறுபடி வேலையில் உட்கார்ந்து, பூனையும் திரும்பி வந்தபின் இன்னொன்று எடுத்தேன். இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சுவர்ப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். மற்றதை, "இதுல கடை ஒரே குப்பையா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டடம். டெய்லர் மகனோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். அந்தக் குப்பைப் படம் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன். நம் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991-லிருந்து திறக்காமல் மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்தார்கள். திறப்பு விழாப் படம் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். நிறைய. சரி, மூடிக் கிடந்த பதினெட்டு வருடத்தில் எடுத்த படம்? மூன்றே கைகள். என் கை அதில் இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

அதனால்தான் பொருளாளரிடம் வருகிறேன். மாடிப்படிக்குக் கீழே பழைய பேனரும் உடைந்த நாற்காலியும் போட்டுப் பூட்டியிருக்கும் அறையைக் கேட்டு இரண்டு வருடத்தில் நான்கு மனு கொடுத்திருக்கிறேன். அது நம் தெருவின் பட அறையாக வேண்டும். வீட்டுக்கு ஒரு படம் போதும்: கடை, திண்ணை, குழாயடி, எதுவானாலும். செல்போனிலேயே வைத்திருக்காதீர்கள், செல்போன் தொலைந்தால் தெருவே தொலைந்தது. பிரிண்ட் போட்டு, பின்னால் இடமும் தேதியும் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பொறுமையும் பக்கத்தில் போவதும் அடுத்த வருடம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் படங்களோடு வாருங்கள், அந்த அறை வாசலில் நிற்கிறேன். பொருளாளர் ஐயா, சாவி யாரிடம் இருக்கிறது?