டைலோட டைலா மறையற பாத்ரூம் ஜாலி: மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி போட வேண்டிய உயரக் கணக்கு

வணக்கம். பெங்களூருல வேலை நடந்துட்டிருக்கற ஒரு அபார்ட்மென்ட் பாத்ரூம்ல நின்னு பேசறேன். அஞ்சடிக்கு எட்டடி. பழைய டைல்ஸ் எடுத்தாச்சு. தண்ணி கட்டி 72 மணி நேரம் விட்டுப் பார்த்தாச்சு, கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் இல்ல. இனிமே டைல்ஸ் வேலைதான். இன்னிக்கு ஒரே ஒரு சாமானைப் பத்திதான் பேசப்போறோம், தரை ஜாலி. ஓட்டை ஓட்டையா தெரியற பழைய ஜாலி இல்ல. அதே டைல்ல ஒரு துண்டு வெட்டி மேல ஒட்டி, சுத்தி மெல்லிசா ஒரு கோடு மட்டும் தெரியற மாதிரி வைக்கறோமே, அந்த டைல் இன்செர்ட் ட்ரெயின்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சாதா ஜாலின்னா டைல் ஒட்டி முடிச்சிட்டு கடைசியில, கிரவுட், அதாவது டைல் இடுக்கை அடைக்கற கலவை, போடற அன்னிக்கு வெச்சுக்கலாம். இது அப்படி முடியாது. இதுல ஃப்ரேம்தான் முதல்ல உக்காரணும், அதைப் பார்த்துதான் டைல் வரணும். டைல் முடிஞ்சப்புறம் "சார், ஜாலி வாங்கிட்டு வாங்க"ன்னு மேஸ்திரி கேட்டார்னா, அதுக்குள்ள குழாய் எந்த உயரத்துல வெட்டணும்ங்கறது கையை விட்டுப் போயிருக்கும். அதனால கான்கிரீட் வாட்டம் போடறதுக்கு முன்னாடியே ட்ரெயின் உங்க கையில இருக்கணும். படம் பார்த்து கணக்குப் போடாதீங்க, சாமானை அளந்து போடுங்க.

இங்க பாருங்க, இது 6 இன்ச், 150 எம்எம் சதுரம். வெளி ஃப்ரேம். உள்ள டைல் உக்கார்ற ட்ரே. அதுக்குக் கீழ முடி பிடிக்கற வலை. அப்புறம் இந்த கப், கரப்பான் வராம இருக்கன்னு குடுக்கறாங்க, அதைப் பத்தி அப்புறம் பேசறேன். ஃப்ரேம் அடியில குழாய்க்குள்ள போற மூக்கு. இந்த சாமான்ல ஃப்ரேம் ஆழம் 25 எம்எம், மூக்கு 35 எம்எம். நீங்க வாங்கினதுல வேற மாதிரி இருக்கும், ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க.

இப்ப கணக்கு. ஹால் தரையை பூஜ்யம்னு வெச்சுக்கலாம். வாசல்ல பாத்ரூம் தரை ஹாலை விட 12 எம்எம் கீழ. அங்கிருந்து ட்ரெயின் வரைக்கும் 1.6 மீட்டர். வாட்டம் 80க்கு 1ன்னா மீட்டருக்கு 12.5 எம்எம், அப்போ 20 எம்எம் இறங்கும். ஆக ட்ரெயின்கிட்ட டைல் மேல்மட்டம் பூஜ்யத்துல இருந்து 32 எம்எம் கீழ. ஃப்ரேம் விளிம்பு டைலை விட 1 எம்எம் தாழ்ந்து இருக்கணும், சரிசமமா கூட வேண்டாம், அது 33. ஃப்ரேம் அடி 58. குழாய் வாயை 62ல வெட்டினா, நடுவுல 4 எம்எம் கலவைக்கு இடம் கிடைக்கும், மூக்கு குழாய்க்குள்ள 31 எம்எம் இறங்கி நிக்கும். இந்த 62 நம்பரை சுவத்துல எழுதி, டியூப் லெவல் (தண்ணி நிரப்பின ட்யூப்) வெச்சு கோடு போட்டுடுங்க.

இந்த நம்பர் தப்பினா என்ன ஆகும்? குழாயை உயரமா விட்டுட்டா ஃப்ரேம் தூக்கி நிக்கும். மேஸ்திரி அதுக்கு சமமா டைலைத் தூக்குவார், வாட்டம் போயிடும், தண்ணி மூலையில நிக்கும். அதை விட மோசம், தாழ வெட்டறது. 100ல வெட்டினா மூக்கு குழாய் வாய்க்கு மேலயே தொங்கும். தண்ணி பாதி குழாய்க்குள்ள, பாதி டைலுக்கு அடியில. மேல பார்த்தா அழகா இருக்கும், ஆறு மாசத்துல கீழ் வீட்டு பெயின்ட் பொரியும். தாழ வெட்டிட்டா ஒரு கப்ளர் போட்டு துண்டு குழாய் ஏத்திக்கலாம், ஆனா அது வாட்டர்ப்ரூஃபிங்குக்கு முன்னாடி நடக்கணும்.

மூக்கோட அகலமும் பாருங்க. 75 எம்எம் எஸ்டபிள்யூஆர் குழாய்ல (கழிவுத் தண்ணி, மழைத் தண்ணிக்கான பிவிசி குழாய்) கழிவுத் தண்ணிக்கு போடறது பி டைப், சுவர் கனம், உள் விட்டம் 68 எம்எம் பக்கம்தான் வரும். சுவர் மெல்லிசா இருக்கற ஏ டைப்புக்கு சரியா செஞ்ச மூக்கு அதுல இறங்காது. கடைக்குப் போகும்போது ஒரு சாண் குழாய்த் துண்டை கையோட எடுத்துட்டுப் போங்க. நானி ட்ராப் (தரைக்கு அடியில தண்ணி தேங்கி நின்னு நாத்தத்தைத் தடுக்கற வளைவு) வாய் 110 எம்எம்மா இருந்தா, 110க்கான மூக்கு உள்ள ட்ரெயின் வாங்குங்க, இல்ல வாயைச் சின்னதாக்கற ரெட்யூசர் போடுங்க.

ட்ரெயினைச் சுத்தி 10 இன்ச் சதுரத்துக்கு வாட்டக் கலவையில ஒரு குழி விட்டு வெச்சிருக்கோம் பாருங்க. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அந்தக் குழிக்குள்ள இறங்கி, குழாய் வாய்க்குள்ளயும் 25 எம்எம் வரைக்கும் போகணும். குழாய் வழவழன்னு இருந்தா கோட்டிங் பிடிக்காது, உள்பக்கம் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கிட்டு, ஃபைபர் மெஷ் துண்டு வெச்சு ரெண்டு கோட் அடிக்கணும். குழாயும் கான்கிரீட்டும் சேர்ற வட்டத்துலதான் பெரும்பாலான கசிவு ஆரம்பிக்குது. இந்த ஒரு இடத்துக்கு அரை மணி நேரம் கூடுதலா குடுங்க.

வாட்டம் பத்தி இன்னொரு விஷயம். குளிக்கற பக்கம் 60க்கு 1 வரைக்கும் போகலாம், மீட்டருக்கு 16 எம்எம் சொச்சம். அதுக்கு மேல போனா பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும், வயசானவங்களுக்கு கால் நிக்காது. ஆனா ஒரே புள்ளிக்கு நாலு பக்கமும் வாட்டம் வரணும்னா, ரெண்டடிக்கு ரெண்டடி டைல் வளையாது இல்லையா? அதனால ட்ரெயின் இருக்கற டைலை மூலைக்கு மூலை குறுக்க வெட்டி, நாலு முக்கோணமா போடணும், தபால் உறையோட பின்பக்கம் மாதிரி. அது பிடிக்கலைன்னா குளிக்கற இடத்துக்கு மட்டும் ஒரு அடி டைல் எடுங்க. ஒரு அடி டைல்ல ஜாயின்ட் அதிகம், வாட்டம் தானா விழும், காலுக்குப் பிடிமானமும் கிடைக்கும். என் கருத்து கேட்டா, வயசானவங்க இருக்கற வீட்டுக்கு ஒரு அடி டைல்தான்.

இப்ப வெட்டறது. மறையணும்னா ட்ரேல ஒட்டற துண்டு அதே டைல்ல, அதே இடத்துல இருந்து வரணும். அப்பதான் ரேகை தொடர்ந்து ஓடும். ஃப்ரேம் 150, ரெண்டு பக்கமும் 2 எம்எம் இடைவெளி, ஆக 154 சதுர ஓட்டை. பிளேடு 1.5 எம்எம் தின்னும், உள்ள இருந்து வர்ற துண்டு 151. இந்த ட்ரேக்கு வேண்டியது 138. மிச்சம் 13 எம்எம், நாலு ஓரத்துலயும் சமமா ஆறரை எம்எம் எடுங்க. ஒரே ஓரத்துல 13 எடுத்துட்டா ரேகை விலகிடும், நல்லாவே கண்ணுக்குத் தெரியும்.

பிளேடு வட்டம், ஓட்டை சதுரம். மேல்பக்கத்துல இருந்து வெட்டினா, அடிப்பக்கம் மூலை விடுபடறதுக்குள்ள மேல்பக்கம் கோடு மூலையைத் தாண்டிப் போயிடும். அந்தத் தாண்டின கோடு எப்பவும் தெரியும். அதனால டைலைக் கவுத்துப் போட்டு, பின்பக்கம் கோடு போட்டு, பின்பக்கத்துல இருந்து வெட்டுங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல பிளேடை இறக்கி, மூலைப் பக்கமா மெதுவா நகர்த்தணும். விளிம்புல வெட்டு இல்லாம முழு வட்டமா இருக்கற டைமண்ட் பிளேடு போடுங்க, எஸ்.பி. ரோடுல கிடைக்கும். பல் பல்லா இருக்கறது கான்கிரீட்டுக்கு, டைல் விளிம்பைப் பொரிச்சிடும். தண்ணி ஒருத்தர் ஊத்திட்டே இருக்கணும். முக்கோண வெட்டு போடறதா இருந்தா முதல்ல நடு சதுரத்தை எடுத்துட்டு அப்புறம் குறுக்கு வெட்டு. மாத்திச் செஞ்சா துண்டு நாலா போயிடும்.

ட்ரே ரெண்டு தினுசு. விளிம்பு வெச்சது, ரெண்டு ஸ்டீல் கோடு தெரியும். விளிம்பு இல்லாதது, ஒரே கோடு, நல்லா மறையும். ஆனா விளிம்பு இல்லாததுல டைலோட வெட்டின ஓரம் வெளிய தெரியும். மேல மட்டும் பிரிண்ட் இருக்கற டைல்னா அடியில மண் கலர் காட்டும், தட்டினா உதிரும். அதுக்கு மேல இருந்து அடி வரைக்கும் ஒரே கலரா இருக்கற ஃபுல் பாடி விட்ரிஃபைட் டைல்தான் சரி. கிரானைட் போடறவங்க கவனிங்க, கல் 18 எம்எம் இருக்கும், ட்ரே ஆழம் 12தான் இருக்கும். கல்லுன்னு சொல்லியே ஆழமான ட்ரே கேளுங்க. அடிப்பக்கம் கிரைண்டர்ல தேய்ச்சு மெல்லிசாக்கறது கடைசி வழி.

ஃப்ரேம் வைக்கும்போது குழாய்க்குள்ள பழந்துணியை பாலித்தீன்ல சுத்தி, கயிறு கட்டி அடைச்சிடுங்க. சிமென்ட் பால் ட்ராப்புக்குள்ள இறங்கி உறைஞ்சா அதை எடுக்க தரையை உடைக்கறதைத் தவிர வழி இல்ல. குழி முழுக்க பாலிமர் கலந்த கலவை போட்டு, ஃப்ரேமை அழுத்தி உக்கார வைங்க. அடியில வெத்திடம் இருக்கக் கூடாது, விரலால தட்டினா டொக்குன்னு சத்தம் வந்தா எடுத்துட்டு மறுபடி வைங்க. ரசமட்டம் ரெண்டு பக்கமும் பாருங்க. ஃப்ரேம் நீர்மட்டம், தரை மட்டும்தான் வாட்டம். ஒரு நாள் விட்டு, ஃப்ரேம்ல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா டைல் ஒட்டணும்.

ட்ரேல துண்டை டைல் பசையால ஒட்டாதீங்க, வழவழப்பான ஸ்டீல்ல அது நிக்காது. எப்பாக்ஸி பசை போடுங்க, ட்ரே அடியை உப்புத்தாளால கீறிவிட்டு. ஒட்டறப்ப ட்ரேவை ஃப்ரேமுக்குள்ள வெச்சு, நாலு பக்கமும் 4 எம்எம் ஸ்பேசர் குத்தி வெச்சா இடைவெளி சமமா வரும். ஃப்ரேமுக்கும் தரை டைலுக்கும் நடுவுல இருக்கற 2 எம்எம் எப்பாக்ஸி கிரவுட். சிமென்ட் கிரவுட் ஸ்டீல் பக்கத்துல விரிசல் விடும். ஆனா ட்ரேவைச் சுத்தின இடைவெளி? அதுதான் தண்ணி போற வழி. அவசரத்துல அதையும் சேர்த்து கிரவுட் போட்டு அடைச்சிடறாங்க. கிரவுட் அன்னிக்கு ட்ரேவை வெளிய எடுத்து வேற ரூம்ல வெச்சிடுங்க.

இன்னும் ஒரு ஆபத்து, வேலை முடிஞ்சதும் ஆசிட் ஊத்திக் கழுவறது. அந்த ஆசிட் நல்ல ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான எஸ்.எஸ். 304லயே புள்ளி புள்ளியா அரிப்பு உண்டாக்கும், மலிவு ரகமான 202 இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வெச்சு 304ஆ 202ஆன்னு கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் சாதாரணமா ஒட்டாது. ஸ்டீல் டெஸ்ட் சொட்டு மருந்து கடையிலயே வெச்சிருப்பாங்க, போட்டுக் காட்டச் சொல்லுங்க, 202 சிவக்கும். கருப்பு கலர் வேணும்னா பெயின்ட் அடிச்சதை எடுக்காதீங்க, பாத்ரூம் கிளீனர்ல உரியும். பிவிடி கோட்டிங் (உலோகத்தை ஆவியாக்கி மேல படிய வைக்கற கலர்) கேளுங்க.

தண்ணி வேகம் பத்திப் பேசியே ஆகணும். 6 இன்ச் சாமான்ல சுத்தி இருக்கற 4 எம்எம் இடைவெளி மொத்தமா 2,240 சதுர எம்எம். 75 குழாயோட வாய் 3,600 பக்கம். 4 இன்ச் எடுத்தா இடைவெளி 1,440 தான். நம்ம வீட்ல பக்கெட்டைக் கவுத்து ஊத்தற பழக்கம் உண்டு, மேல பெரிய மழை ஷவரும் இருந்தா 4 இன்ச் பத்தாது. குளிக்கற இடத்துக்கு 6 இன்ச். வாஷ்பேசின் பக்கம் 5 இன்ச் போதும்.

அந்த கரப்பான் கப்புக்கு வர்றேன். கீழ 50 எம்எம் தண்ணி நிக்கற ட்ராப் இருந்தா நாத்தம், பூச்சி ரெண்டையும் அதுவே தடுக்கும், கப் வேண்டாம், எடுத்துடுங்க. கப் இருந்தா முடி சிக்கும், வேகம் குறையும். ட்ராப்பே இல்லாத பழைய கட்டடத்துல கப் கட்டாயம், ஆனா அதுல நிக்கற தண்ணி கொஞ்சம்தான், சீக்கிரம் வத்திடும். கெஸ்ட் பாத்ரூம்ல ட்ராப் தண்ணியும் வத்தும். வாரம் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. ஊருக்குப் போறதா இருந்தா ஊத்தினதுக்கு மேல ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய், வத்தறதை மெதுவாக்கும்.

போர்வெல் தண்ணி வர்ற ஏரியாவுல இந்த இடைவெளியில வெள்ளையா உப்பு படியும். மாசம் ஒரு தடவை ட்ரேவைத் தூக்கி, ஒரு லிட்டர் வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு ஊற வெச்சு பிரஷ் போடுங்க. மார்பிள் துண்டு ஒட்டியிருந்தா இது கூடாது, கல்லை அரிச்சிடும், வெறும் சோப்புத் தண்ணிதான்.

கடைசியா, மேஸ்திரிக்கு பணம் செட்டில் பண்றதுக்கு முன்னாடி 20 லிட்டர் பக்கெட்டை தூர மூலையில கவுத்துப் பாருங்க. பத்து நிமிஷம் கழிச்சு எங்கயாவது திட்டா தண்ணி நின்னா அங்க வாட்டம் இல்ல, அன்னிக்கே சொல்லுங்க. ட்ரே தூக்கற கொக்கியை பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டிடுங்க. அதே டைல்ல 138க்கு ரெண்டு உபரித் துண்டும் வெட்டி வாங்கி வெச்சுக்கோங்க, துண்டு உடையற அன்னிக்கு அந்த டிசைன் கடையில இருக்காது.