எத்தனை இன்னிங்ஸ் பொறுப்பது?

அவைக்கு வணக்கம். தலைப்பைக் கொடுத்தபோது, "இரண்டு பக்கமும் பேசுங்கள்" என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு பக்கம்தான் பேசப்போகிறேன், மன்னிக்க வேண்டும். ஃபார்மில் இல்லாத நட்சத்திரத்துக்குப் பொறுமை காட்டலாம், தாராளமாகவே காட்டலாம். அந்தப் பொறுமை எப்போது தீரும் என்பதை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது. இதுதான் என் கட்சி.

2025 ஜனவரி 3, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஐந்தாவது டெஸ்ட். டாஸ் போட வந்தவர் பும்ரா. கேப்டன் ரோஹித் சர்மா பதினொரு பேரில் இல்லை. காயமில்லை, காய்ச்சலில்லை. அந்தத் தொடரில் ஐந்து இன்னிங்ஸில் அவர் அடித்தது 31 ரன். அவராகவே ஒதுங்கிக்கொண்டார். மறுநாள் உணவு இடைவேளையில் தொலைக்காட்சியில் பேசினார். ரன் வரவில்லை, அதனால் விலகி நிற்கிறேன், ஆனால் ஓய்வு பெறவில்லை. நான் எப்போது போக வேண்டும் என்பதை மைக்கும் பேனாவும் லேப்டாப்பும் வைத்திருப்பவர்கள் முடிவு செய்ய முடியாது என்றார்.

பெரிய மனசு என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அவர் மேல் மரியாதைதான். பேனா பிடித்தவர் முடிவு செய்யக் கூடாது, சரி. மைக் பிடித்து நிற்கும் நானும் செய்யக் கூடாது, அதுவும் சரி. ஆனால் அந்த ஒரு வேலைக்கென்றே சம்பளம் வாங்குகிற தேர்வுக்குழு ஒன்று நாட்டில் இருக்கிறதே, அது எங்கே போயிற்று? ஒரு கேப்டன் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும்படி விட்டார்கள் என்றால், நீக்கும் துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை என்றுதானே பொருள்?

எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பழமொழி தயாராக இருக்கிறது. யானை படுத்தாலும் குதிரை மட்டம். அவர்களுக்கு ஒரு நல்ல சாட்சியும் உண்டு, மார்க் டெய்லர்.

1997-ல் ஆஸ்திரேலிய அணி ஆஷஸ் தொடருக்காக இங்கிலாந்து போனபோது, கேப்டன் டெய்லர் டெஸ்டில் அரைசதம் அடித்து இருபது இன்னிங்ஸுக்கு மேல் ஆகியிருந்தது. ஒருநாள் தொடரில் தன்னையே அணியிலிருந்து விலக்கிப் பார்த்தார். முதல் டெஸ்ட் எட்ஜ்பாஸ்டனில். ஆஸ்திரேலியா 118-க்குச் சுருண்டது, டெய்லர் 7. இங்கிலாந்துக்கு நாசர் ஹுசைன் 207. டெய்லரின் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் அந்த மனிதர் 129 அடித்தார். டெஸ்டில் தோற்றார்கள், ஆனால் தொடரை 3-2 என்று வென்றார்கள். மறுவருஷம் பெஷாவரில் ஆட்டமிழக்காமல் 334. பிராட்மேனின் எண்ணைத் தொட்டதும் மறுநாள் காலையில் டிக்ளேர் செய்துவிட்டார்.

கண்ணில் நீர் வரவழைக்கிற கதைதான். நம் ஊரிலும் ஒன்று உண்டு. 2024 டி20 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டிக்கு முன் கோலி ஆடிய ஏழு இன்னிங்ஸில் சேர்த்தது 75 ரன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இறுதிப் போட்டியில், 34-க்கு 3 விக்கெட் போன இடத்தில், நின்று ஆடி 76. கோப்பை வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொறுத்திருந்து பலன் கிடைத்த கதைகளைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பொறுத்திருந்தும் ஒன்றும் வராமல் போன கதைகளுக்கு யாரும் மேடை போடுவதில்லை. சச்சினின் கடைசி டெஸ்ட் சதம் 2011 ஜனவரியில், கேப் டவுனில். அவர் விடைபெற்றது 2013 நவம்பரில். இடையிலே கிட்டத்தட்ட மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாராவது கூட்டம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இப்போது நானே பேசப் பயந்துகொண்டுதான் பேசுகிறேன்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ரன்னை எண்ணாதீர்கள். எப்படி அவுட்டாகிறார் என்று பாருங்கள். ஒருவர் ரன் அவுட்டாகிறார், நல்ல பந்து ஒன்றில் போகிறார், லெக் சைடில் கிளவ்வில் உரசி கீப்பரிடம் போகிறார் என்றால் அது நேரம் சரியில்லை. ஒரே பந்து, ஒரே ஷாட், ஒரே ஸ்லிப் என்றால் அது வேறு விஷயம். அதுவும்கூட குணமாகிற நோய்தான், மருந்து சாப்பிட்டால்.

சச்சினுக்கு 2003-ல் ஐந்து டெஸ்டில் சராசரி 17. அதில் மூன்று ஆஸ்திரேலியாவில். பிரிஸ்பேனில் பூஜ்யம், அடிலெய்டில் 1, 37, மெல்போர்னில் பூஜ்யம், 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை கவர் டிரைவ் ஆடப்போய்த் திரும்பத் திரும்ப மாட்டினார். 2004 ஜனவரி, சிட்னி டெஸ்ட். ஸ்டீவ் வாவின் கடைசி டெஸ்ட். அங்கே சச்சின் ஒரு காரியம் செய்தார். கவர் டிரைவையே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். வெளியே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கில்லஸ்பியும் லீயும் ஆசை காட்டினார்கள். மனிதர் பேட்டைத் தூக்கிக்கொண்டு பந்தை விட்டுவிட்டார். அலுத்துப்போய் அவர்கள் ஸ்டம்பை நோக்கிப் போட வேண்டிவந்தது, போட்டதெல்லாம் லெக் சைடில் போயிற்று. 436 பந்து, ஆட்டமிழக்காமல் 241. பத்து மணி நேரத்துக்கு மேல், தனக்கு மிகவும் பிடித்த ஷாட்டைத் தொடாமல் ஒருவர் ஆடினார். சச்சினின் அழகான இன்னிங்ஸ் எது என்று கேட்டால் இதைச் சொல்ல மாட்டேன். பெரிய இன்னிங்ஸ் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இருபத்தொரு வருஷம் கழித்து அதே சிட்னிக்கு வாருங்கள், கோலி ஆடுகிறார். அந்தத் தொடரில் பெர்த்தில் ஒரு சதம் அடித்தார், மறுக்கவில்லை. அதையும் சேர்த்து ஒன்பது இன்னிங்ஸில் 190. எட்டு முறை அவுட். எட்டு முறையும் விளிம்பில் பட்டு கீப்பரிடமோ ஸ்லிப் பக்கமோ. ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் போலாண்ட் மட்டும் நான்கு முறை, அதில் இரண்டு சிட்னியில். போலாண்ட் பெரிய மந்திரம் எதுவும் போடவில்லை. நான்காவது, ஐந்தாவது ஸ்டம்ப் வரிசையில், டிரைவுக்கு வரும்போல வராத நீளத்தில், சலிக்காமல் ஒரே இடத்தில் போட்டார். கோலியின் முன்கால் போகிறது, கை பந்தைத் தேடிப் போகிறது, விளிம்பு. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அடுத்த பந்து தெரிந்தது.

இதே கோலி 2014-ல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 எடுத்தவர். அப்போதும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேதான், ஆண்டர்சன் நான்கு முறை எடுத்தார். அன்றைக்கு அவரை நீக்காதது சரியான முடிவு. ஏன்? ஊருக்கு வந்து நிற்கும் இடத்தை மாற்றினார், காலை மாற்றினார், கிரீஸுக்கு வெளியே நின்றார். அந்த வருஷக் கடைசியிலேயே ஆஸ்திரேலியாவில் 692 ரன். 2018-ல் அதே இங்கிலாந்தில் 593. அப்போது வயது இருபத்தைந்து, நோயைத் தானே கண்டுபிடித்து மருந்து சாப்பிட்டார். ஒருவரைப் பொறுத்துக்கொள்ள எனக்கு வேறு காரணம் தேவையில்லை. அடுத்த டெஸ்டில் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டு வருகிறாரா? வந்தால் பொறுங்கள். "இது என் பாணி, இப்படித்தான் எட்டாயிரம், ஒன்பதாயிரம் அடித்தேன்" என்று அதே காலை நீட்டினால், அடுத்த தொடர் இல்லை.

சரி, இடம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார்கள். நஷ்டப்படுகிறவர் வெளியே நிற்கிறார், டிவியில் தெரிய மாட்டார்.

கபில் தேவ் எனக்கு உயிர். 1983 லார்ட்ஸை யாரால் மறக்க முடியும்? ஆனால் 1993, 94-ல் கபில், நியூசிலாந்தின் ஹாட்லீ வைத்திருந்த 431 டெஸ்ட் விக்கெட் உலக சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். வேகம் போய்விட்டது. உள்ளூர் ஆடுகளங்களில் கும்ப்ளே எதிரணியைச் சுருட்டுவார், கபிலுக்கு அங்கே ஒன்று இங்கே ஒன்று கிடைக்கும். 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் 432-வது விக்கெட். பலூன் விட்டார்கள், நாடு கொண்டாடியது, நானும் கைதட்டினேன். அதே காலத்தில் ஜவகல் ஸ்ரீநாத் என்று ஒருவர் இருந்தார். 1991-லேயே பிரிஸ்பேனில் டெஸ்டுக்கு வந்தவர், அன்றைக்கு நம்மிடம் இருந்த உண்மையான வேகம் அவர்தான். வெளிநாட்டில் ஆடவைப்பார்கள், ஊருக்கு வந்தால் தண்ணீர் பாட்டில். சொந்த மண்ணில் அவருடைய முதல் டெஸ்ட் 1994 நவம்பரில், மும்பையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. கபில் விடைபெற்ற பிறகு! வந்த டெஸ்டிலேயே விக்கெட்டும் எடுத்தார், ஓர் அரைசதமும் அடித்தார், இந்தியா வென்றது. கடைசியில் 236 டெஸ்ட் விக்கெட். அந்தப் பெஞ்சில் போன மூன்று வருஷத்துக்கு எத்தனை விக்கெட் என்று யார் கணக்குப் போடுவது?

நம் சேப்பாக்கத்துக்கு வாருங்கள். 2016 டிசம்பர், இங்கிலாந்துக்கு எதிராக கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303. அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட். சேவாக்குக்குப் பிறகு முச்சதம் அடித்த ஒரே இந்தியர். அடுத்த டெஸ்ட் ஹைதராபாத்தில். ஆடிய பதினொரு பேரில் கருண் நாயர் இல்லை. காயத்திலிருந்து ரஹானே திரும்பிவிட்டார், இரண்டு வருஷம் உழைத்தவரின் இடத்தை ஒரு ஆட்டத்துக்காகப் பறிக்க முடியாது என்றார்கள். அந்த நியாயம்கூட எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பின் ஆஸ்திரேலியத் தொடரில் கருண் எடுத்தது 26, 0, 23, 5. நான்கே இன்னிங்ஸ். கதவைச் சாத்தினார்கள், 2025 ஜூனில்தான் திறந்தார்கள். பெயருள்ளவருக்கு மூன்று வருஷம், பெயரில்லாதவருக்கு நான்கு இன்னிங்ஸ். என் கோபமெல்லாம் இந்த இரண்டு அளவுகோல் மேல்தான்.

பெரியவர்களுக்குள்ளேயே இது உண்டு. 2020 தொடக்கத்திலிருந்து இரண்டு வருஷம் புஜாரா, ரஹானே, கோலி மூவருக்கும் டெஸ்ட் சராசரி 30-க்குக் கீழேதான். 2022-ல் இலங்கைத் தொடருக்கு புஜாராவையும் ரஹானேவையும் நீக்கினார்கள். அதே தொடரில் மொஹாலியில் கோலிக்கு 100-வது டெஸ்ட் கொண்டாடினார்கள். கோலியின் சராசரி மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் மேலே, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

இந்த இடத்தில் புஜாராவைப் பாருங்கள். நீக்கியதும் அறிக்கை விடவில்லை. இங்கிலாந்தின் சஸக்ஸ் கவுண்டி அணிக்குப் போனார், ஏப்ரல் குளிரில் இரண்டு இரட்டைச் சதம் அடித்தார், ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டுக்குத் திரும்பினார், டிசம்பரில் சட்டோகிராமில் சதம், அடுத்த பிப்ரவரியில் டெல்லியில் அவருக்கும் 100-வது டெஸ்ட். கங்குலியும் அப்படித்தான். கேப்டன் பதவி போயிற்று, 2006-ல் பெரும்பகுதி வெளியே இருந்தார், டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் திரும்பி முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 51. தென்னாப்பிரிக்க மண்ணில் நாம் வென்ற முதல் டெஸ்ட் அது. 2007-ல் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ரன், அதில் ஒரு 239. நீக்காமலே வைத்திருந்தால் அந்தக் கங்குலி கிடைத்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். நீக்குவது என்றாலே கொலை என்று நாம்தான் நினைக்கிறோம்.

கோலியும் கடைசியில் உள்நாட்டுப் போட்டியான ரஞ்சிக்குப் போனார், 2025 ஜனவரி 30, டெல்லியில், ரயில்வேஸ் அணிக்கு எதிராக. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. ரஞ்சி ஆட்டத்துக்கு விடிகாலையிலிருந்தே வாசலில் கூட்டம்! ஹிமான்ஷு சங்வான் என்ற பந்துவீச்சாளர் ஆஃப் ஸ்டம்பைப் பறக்கவிட்டார், 6 ரன். அவ்வளவுதான் ரஞ்சி. ஒரு ஆட்டம். இதை மருத்துவம் என்று சொல்ல முடியாது, வைத்தியர் வீட்டு வாசலை எட்டிப்பார்த்தது. 2024 அக்டோபரில் நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் தோற்றுக்கொண்டிருந்தபோதே நான்கு ரஞ்சி ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால்? 2025 மே மாதத்தில் ஐந்து நாள் இடைவெளியில் ரோஹித்தும் கோலியும் இன்ஸ்டாகிராமில் டெஸ்டுக்கு விடை சொன்னார்கள். தேர்வுக்குழுவுக்கு ஒரு தொல்லை விட்டது. இருவரும் இல்லாமல் இங்கிலாந்து போன அணி 2-2 என்று சமன் செய்தது. கோலியின் நான்காம் இடத்தில் இறங்கிய கில் 754 ரன் அடித்தார்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. தேர்வுக்குழுத் தலைவர் அந்த வீரரைத் தனியாக உட்காரவைத்து, இந்தத் தொடர் முழுக்க உங்களுக்கு, நடுவில் தொடமாட்டோம், இந்தக் குறை மாறியிருக்க வேண்டும், மாறவில்லை என்றால் உள்ளூர் ஆட்டம், அங்கே ரன் வந்தால் கதவு திறந்திருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் அதே வாக்கியம், அதே அவகாசம். நீக்கிய அன்று பத்திரிகையாளர் முன் வந்து நின்று "ஆம், நீக்கினோம்" என்று சொல்ல வேண்டும். ஓய்வு கொடுத்தோம், பணிச்சுமை, ரொட்டேஷன் என்று மழுப்பக் கூடாது.

முன்வரிசையில் மஞ்சள் சட்டையில் இரண்டு தம்பிகள் ஆரம்பத்திலிருந்தே என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும் தம்பி. 2025 மார்ச்சில் பெங்களூருவுக்கு எதிராக சேப்பாக்கத்தில் தோனி ஒன்பதாவதாக இறங்கியதைப் பற்றித்தானே? பதினாறு பந்தில் 30 அடித்தார், ஐம்பது ரன்னில் தோற்றோம். அந்த வருஷம் சென்னை கடைசி இடம். ஐபிஎல் தனியார் வியாபாரம். ஜடேஜா அவுட்டானால் தோனி வருவார் என்று அன்றைக்குக் கைதட்டிய கூட்டம் டிக்கெட் வாங்கித்தானே வந்தது? அந்தக் கணக்கை முதலாளியும் ரசிகரும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும், என் பேச்சு நாட்டுக்காக ஆடும் அணியைப் பற்றி மட்டும். இதோடு தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தம்பி கையைத் தூக்கிவிட்டார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.